'தாயும் சேயும் நலம்'... சரி, அம்மாவின் வலியைக் கேட்பது யார்?

பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு நர்ஸ் சொல்லும் முதல் செய்தி இது: "தாயும் சேயும் நலம்." அடுத்த நிமிடமே அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குழந்தையின் போட்டோவுடன் வந்துவிடும். குழந்தை எத்தனை கிலோ, யார் ஜாடை, என்ன நட்சத்திரம் என்று அடுத்தடுத்து கேள்விகள் வரும். அம்மாவுக்கு எத்தனை தையல், எதனால் தையல் என்று கேட்பவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆறு வாரம், ஆறு மாதம், சிலருக்கு ஆறு வருடம் கழிந்த பிறகும் அந்தக் காயம் அவர்களோடு இருக்கிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. வாயுவை அடக்க முடியவில்லை. உட்கார்ந்தால் வலி. கணவர் அருகில் வந்தாலே பயம். தயக்கத்தை உதறி மருத்துவரிடம் போனாலும், "நார்மல் டெலிவரின்னா இதெல்லாம் இருக்கும்மா, போகப் போக சரியாயிடும்" என்ற ஒரு வரியோடு அனுப்பப்படுவது உலகம் முழுக்க நடக்கிறது. உண்மையில் இது எவ்வளவு பெரிய பிரச்னை? எதைச் சாதாரணம் என்று விட்டுவிடலாம், எதை விடக் கூடாது?

கூடை சுமக்கும் உடம்பு

புதுச்சேரியில் குருசுக்குப்பத்துக்கும் சோலை நகருக்கும் இடையில், கடலை ஒட்டி இருக்கிறது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்பட பல ஊர் உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கடற்கரை இது. மற்ற நாள்களில் இது ஒரு மீனவர் குடியிருப்பு. கரைக்கு வரும் மீனை விலை பேசி எடுப்பது, கூடையில் சுமப்பது, மார்க்கெட்டிலோ தெருவிலோ உட்கார்ந்து விற்பது என இந்தத் தொழிலின் பாதி, பெண்களின் இடுப்பின்மேல்தான் நிற்கிறது.

பிரசவக் காயத்தைப் பற்றிப் பேச இப்படிப்பட்ட ஊர்களே சரியான இடம். ஏனென்றால், பிள்ளை பெற்ற உடம்புக்கு மருத்துவம் சொல்லும் முதல் அறிவுரை, "சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்காதீர்கள்" என்பது. அன்றாட வருமானத்தில் ஓடும் வீட்டில் அந்த அறிவுரை எத்தனை நாள் தாங்கும்?

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லாத ஊர் புதுச்சேரி. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் என்றே தனி அரசு மருத்துவமனை உண்டு. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெரிய சாதனை. பிரசவத்தில் உயிர் போவது குறைந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம். இந்திய அளவில் 2014-16-ல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 130 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20-ல் 97 ஆகக் குறைந்தது.

இறப்பை எண்ணுகிறோம். பிழைத்து, காயத்தோடு வீடு திரும்பியவர்களை யாரும் இப்படி எண்ணுவதில்லை. பிரச்னையே அங்கேதான் தொடங்குகிறது.

4 கோடி பெண்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் பங்களிப்புடன் 2023 டிசம்பரில் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிரசவத்தால் உண்டாகும் நீண்டகால உடல்நலப் பிரச்னையை ஆண்டுதோறும் குறைந்தது 4 கோடி பெண்கள் சந்திக்கிறார்கள் என்றது அது. தாம்பத்திய உறவின்போது வலி 35 சதவிகிதம் பேருக்கு. இடுப்பு வலி 32 சதவிகிதம். மலம் அல்லது வாயுவைக் கட்டுப்படுத்த முடியாமை 19 சதவிகிதம். சிறுநீர்க் கசிவு, ஆய்வுக்கு ஆய்வு 8 முதல் 31 சதவிகிதம் வரை. இவற்றில் பலவற்றுக்கு, வசதியான நாடுகளில்கூட முறையான சிகிச்சை வழிகாட்டுதல்கள் போதுமான அளவு இல்லை என்பதையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நம் நாட்டில் இந்த மௌனத்தை முதலில் உடைத்தவர்களில் முக்கியமானவர்கள், மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் பணியாற்றும் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் தம்பதி. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், 92 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் அந்த நோய்களுக்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவிகிதம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் கிராமப்புறப் பெண்கள் சேர்ந்து 1981-ல் தொடங்கிய 'ரூசெக்' அமைப்பு, கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவங்களை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தது. டி.கே.சுந்தரி ரவீந்திரனும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய அந்த ஆய்வு 1999-ல் வெளியானது. 'அடி இறக்கம்' என்று கிராமத்தில் அடங்கிய குரலில் சொல்லப்படும் அந்தப் பிரச்னை, அப்போதுதான் ஆய்வுப் புத்தகத்தில் ஏறியது.

என்னதான் நடக்கிறது உடம்புக்குள்?

பிரசவக் காயம் என்றால் ஒன்றல்ல. முக்கியமாக நான்கு வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிழிதல்: குழந்தையின் தலை வெளிவரும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி கிழியலாம். முதல் பிரசவத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஓரளவு கிழிதல் இருக்கும். இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் மட்டும். இரண்டாவதில் தசை. மூன்றாவதில், மலத்தை அடக்கும் வளையத் தசையும் கிழிகிறது. நான்காவதில் மலக்குடலின் உட்சுவர் வரை போகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மூன்றும் நான்கும் ஆபரேஷன் தியேட்டரில், அனுபவமுள்ளவர் கையால் தைக்கப்பட வேண்டியவை. தையல் போடுமுன் ஆசனவாய் வழியாக விரலால் சோதித்தால்தான் இது எந்த நிலை என்று சரியாகத் தெரியும். அவசரத்தில் அந்தச் சோதனை விடுபட்டால், வெளியே தையல் அழகாக ஆறியிருக்கும். உள்ளே தசை பிரிந்தே இருக்கும்.

கர்ப்பப்பை இறக்கம்: இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில் துணிபோல விரிந்திருக்கும் தசைகள்தான் கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவத்தில் அவை தளர்ந்தாலோ, எலும்பிலிருந்து பிய்ந்தாலோ, மேலே இருக்கும் உறுப்பு கீழே இறங்கத் தொடங்கும். "கீழே ஏதோ பந்து மாதிரி தட்டுது", "நின்னா கனமா இருக்கு, படுத்தா சரியாயிடுது" என்பவை இதன் அடையாளங்கள். கூடை சுமப்பவர்களுக்கும், நீண்ட நேரம் குந்தி உட்காருபவர்களுக்கும், நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் உள்ளவர்களுக்கும் இது கூடும்.

ஃபிஸ்துலா: நீண்ட நேரம் பிரசவம் நகராமல் சிக்கிக்கொள்ளும்போது, குழந்தையின் தலை அழுத்தி ரத்த ஓட்டம் தடைபட்டு, பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஓட்டை விழுகிறது. சிறுநீர் இரவு பகலாகச் சொட்டும். மருத்துவமனைப் பிரசவம் அதிகரித்ததால் இந்த வகை குறைந்திருக்கிறது. ஆனால், சிசேரியன், கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன்களின்போது ஏற்படும் காயத்தாலும் ஃபிஸ்துலா வரலாம்.

மனக்காயம்: பிரசவ அறையில் கேட்ட திட்டு, "செத்துடுவோம்" என்று நினைத்த நொடி, அனுமதி கேட்காமல் நடந்த சோதனை... இவை திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, தூக்கம் போவது, மருத்துவமனை வாசனைக்கே நடுங்குவது எல்லாம் சிகிச்சை தேவைப்படும் நிலைகள்தாம். "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் அழுவா" என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

"அப்போ சிசேரியன்தான் பாதுகாப்பா?" என்ற கேள்வி எழலாம். தமிழ்நாட்டில் தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன்தான். கிழிதல் ஆபத்து அதில் பெரும்பாலும் இல்லை என்றாலும், பத்து மாதச் சுமையே இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்துகிறது. தையல் வலி, தொற்று, அடுத்த பிரசவத்தில் சிக்கல் என்று அதற்கே உரிய பிரச்னைகளும் உண்டு.

ஏன் காது கொடுப்பதில்லை?

முதல் காரணம் வார்த்தை. மருத்துவர் முன் உட்காரும் பெண்ணுக்கு, வலிக்கும் இடத்தின் பெயரைச் சொல்லவே கூச்சம். 'கீழே', 'அங்கே', 'அடியிலே' என்றுதான் சொல்ல முடிகிறது. வெளியே நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில், இரண்டு நிமிடத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைத் தோண்டி எடுப்பது யாருக்குமே கஷ்டம்தான். ஆனால், திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்க்காமல் "ஒண்ணுமில்லை" என்று சொன்னால், அது பரிசோதனையே ஆகாது.

இரண்டாவது, வீடு. "நான் நாலு பெத்தேன், மறுவாரமே தண்ணி தூக்கினேன்" என்பது பல வீடுகளில் மாமியார் சொல்லும் வாசகம். அந்த மாமியாருக்கும் அடி இறக்கம் இருக்கலாம். அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாவது, நம் கண்காணிப்பு முறை. பிரசவத்துக்குப் பின் 42 நாள்களுக்குள் ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் நாட்டில் இருக்கிறது. அதன் பெயரே 'வீட்டில் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பு'. குழந்தையின் எடை, தொப்புள், தாய்ப்பால் எல்லாம் கேட்கப்படும். 'சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா?' என்று அம்மாவைக் கேட்டால்தான் இந்தக் காயம் வெளியே வரும். தானாகச் சொல்வதற்குப் பெரும்பாலோர் கூச்சப்படுவார்கள்.

படித்தவர்கள், வசதியானவர்கள் என்றால் இந்த நிலை இருக்காது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தியோ கிளார்க், 2022-ல் தன் மகளைப் பெற்றபோது மூன்றாம் நிலை கிழிதலுக்கும் கடும் ரத்தப்போக்குக்கும் ஆளானார். 2023 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் அதைப் பேசியபோது அவர் கண் கலங்கினார். அதன் பின் அமைந்த அனைத்துக் கட்சி விசாரணைக் குழுவுக்கு 1,300-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். 2024 மே மாதம் வெளியான அறிக்கையின் சாரம்: "ஏதோ தப்பாக இருக்கிறது" என்று சொன்ன பெண்கள் நம்பப்படவில்லை, வலி நிவாரணம் மறுக்கப்பட்டது, பிரசவத்துக்குப் பின் கவனிக்க ஆள் இல்லை. பக்கத்து நாடான நேபாளத்தில், கர்ப்பப்பை இறக்கத்தை அரசு கண்டுகொள்ளாமல் விட்டது பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றமே 2008-ல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் இதன் இன்னொரு முகமும் உண்டு. கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு பக்கம் என்றால், "கர்ப்பப்பையை எடுத்துடலாம், பிரச்னையே இருக்காது" என்று உடனே ஆபரேஷனுக்கு அழைப்பது மறுபக்கம். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண் சொல்வதை முழுதாகக் கேட்காததுதான் இந்த இரண்டுக்கும் அடிப்படை.

எது சாதாரணம், எது இல்லை?

முதல் சில வாரங்களில் தையல் இடத்தில் வலி, லேசான சிறுநீர்க் கசிவு, உட்காரச் சிரமம் இருக்கலாம். நாளாக நாளாக அது குறைய வேண்டும். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், "சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

* ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையல் பிரிதல், சிறுநீரே வராமல் இருப்பது: அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
* கடுமையான தலைவலியுடன் பார்வை மங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல்: இவையும் அவசரநிலைதான்.
* மலமோ வாயுவோ தன்னையறியாமல் வெளியேறுவது, பிறப்புறுப்பு வழியாக வாயு அல்லது மலம் வருவது, சிறுநீர் நிற்காமல் சொட்டுவது: எந்த வாரத்திலும் இது சாதாரணம் இல்லை.
* மூன்று மாதங்கள் கடந்தும் சிறுநீர்க் கசிவு, உறவின்போது வலி, கீழே கனம்: மகளிர் மருத்துவரின் நேரடிப் பரிசோதனை தேவை.
* உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம்: உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"அங்கே வலிக்குது" என்பதைவிட, எண்ணிக்கையோடு சொன்னால் மருத்துவரால் ஒதுக்க முடியாது. "பிரசவமாகி ஐந்து மாதம். வாரத்தில் நாலு நாள் மலம் வரும் அவசரத்தை அடக்க முடியவில்லை. இரண்டு முறை துணியில் ஆகிவிட்டது." இதுபோல ஒரு வாரம் குறிப்பெடுத்து, அதைப் படித்தே காட்டலாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் போனில் எழுதி நீட்டலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. "எனக்கு எந்த நிலை கிழிதல் இருந்தது?" "இப்போது படுக்க வைத்துப் பரிசோதித்துச் சொல்ல முடியுமா?" "பிசியோதெரபிக்கோ, சிறப்பு மருத்துவருக்கோ எழுதித் தருவீர்களா?"

டிஸ்சார்ஜ் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஆயுதம் போட்டு எடுத்தார்களா, எத்தனையாவது நிலை தையல் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறைகள். வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும், ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்கக் கேட்பதும், மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ளவை.

சிகிச்சை உண்டா?

உண்டு. பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே குணமாகும்.

லேசான கசிவுக்கும் தொடக்க நிலை இறக்கத்துக்கும் முதல் சிகிச்சை இடுப்புத்தளப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் விவரித்ததால் 'கீகல் பயிற்சி' என்று பெயர். வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். சில நொடிகள் பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை, தினமும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள். மூச்சை அடக்கக் கூடாது. வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. வலிதான் முக்கியப் பிரச்னை என்றால், ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு 'பெஸரி' எனும் வளையத்தை உள்ளே பொருத்தித் தாங்கவைக்கலாம். ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும், இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் இது உதவும். வளையத் தசை கிழிந்து விடுபட்டிருந்தால், பின்னாளில்கூடச் சரிசெய்ய வழிகள் உள்ளன. சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும் சிறிய ஃபிஸ்துலா, சிறுநீர்க் குழாய் பொருத்தினாலே சில சமயம் மூடிக்கொள்ளும். பெரியதற்கு ஆபரேஷன் உண்டு.

வீட்டிலும் ஒரு திருத்தம் தேவை. பிள்ளை பெற்றவளுக்குக் காய உருண்டை, பூண்டுக் குழம்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் வீடுகளிலேயே, பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறி, பழத்தையும் குறைப்பதும் நடக்கிறது. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல். முக்கினால் தையலுக்கும் தளர்ந்த தசைக்கும் அழுத்தம். தண்ணீரும் கீரையும் பழமும் இந்த நேரத்தில் மருந்துக்குச் சமம். குடம், மீன் கூடை, சிலிண்டர் எதுவானாலும் முதல் ஆறு வாரம் இன்னொருவர் தூக்கட்டும்.

ஒரே நாள், இரண்டு பரிசோதனை

காயத்தைக் குறைக்கும் வேலை பிரசவ அறையிலேயே தொடங்க வேண்டும். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடுவது வேண்டாம், வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ளக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் முதல் 24 மணி நேரம், மூன்றாம் நாளுக்குள், இரண்டாம் வாரத்துக்குள், ஆறாவது வாரம் என்று குறைந்தது நான்கு முறை தாயைப் பார்க்க வேண்டும் என்றும் 2022-ல் அது கூறியது.

இதில் ஆறாவது வாரம் நமக்குக் கைவசம் இருக்கும் வாய்ப்பு. பிறந்த ஆறு வாரத்தில் பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா தடுப்பு மருந்துகளுக்காகக் குழந்தையை எப்படியும் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். வைத்திக்குப்பமோ வேறு எந்த ஊரோ, அந்த நாளைத் தவறவிடும் அம்மாக்கள் குறைவு. குழந்தைக்கு ஊசி போட்ட கையோடு, "எனக்கும் தையலைப் பார்த்துச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கூடப் போகும் கணவரும் மாமியாரும் அம்மாவும், அவர் கேட்கத் தயங்கினால் அவருக்காகக் கேளுங்கள்.